பாடப்பிரிவும் தன்னாய்வும்: மனத்தைக் கேட்பதா, நடந்ததைப் பார்ப்பதா?

சென்னை குரோம்பேட்டையில் 1949இல் சி. ராஜம் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி வளாகத்தில், பறக்கும் காலம் முடிந்துபோன இரண்டு விமானங்கள் மாணவர்கள் பார்ப்பதற்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. 1950களின் நடுவில் அங்கே சேர்ந்த ராமேஸ்வரத்து இளைஞர் ஒருவர், வகுப்பு முடிந்து மற்றவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் அந்த விமானங்களின் அருகே நெடுநேரம் உட்கார்ந்திருப்பார். முதலாண்டு முடிந்து, எந்தப் பிரிவு வேண்டும் என்று கல்லூரி கேட்டபோது அவர் தயங்கவில்லை. வானூர்திப் பொறியியல் என்று எழுதிக் கொடுத்தார். ஏ.பி.ஜெ. அப்துல் கலாமின் தன்வரலாறான 'அக்னிச் சிறகுக'ளைப் படித்த எல்லோருக்கும் இந்த நிகழ்ச்சி நினைவிருக்கும்.

அதே நூலில் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. குரோம்பேட்டைக்கு வருவதற்கு முன் திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் அவர் இயற்பியலில் பி.எஸ்சி. முடித்திருந்தார். இயற்பியல் தமக்கான துறை இல்லை என்பது பட்டம் பெற்ற பிறகே அவருக்குப் புரிந்தது. அந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது மேற்படிப்பில் வேறு வாய்ப்புகள் இருப்பதே தமக்குத் தெரியாது என்கிறார். பொறியியல் சேர்க்கைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அக்காள் சோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். தெளிவு தாமதமாக வந்ததற்கு ஒரு குடும்பம் கொடுத்த விலை அது.

ஒரே மனிதர் எடுத்த இந்த இரண்டு முடிவுகளுக்கும் உள்ள வேறுபாடு கவனத்துக்குரியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் திடீரெனத் தம் மனத்தை ஆழமாகப் படிக்கக் கற்றுக்கொண்டார் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. மாறியது ஒன்றுதான்: இரண்டாவது முறை முடிவெடுத்தபோது அவரிடம் சான்று இருந்தது. எதன் அருகே போய்த் தாமாகவே உட்கார்ந்தார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கல்லூரியும் பிரிவைத் தேர்வதற்கு முன் ஓராண்டு அவகாசம் கொடுத்திருந்தது.

"உனக்கு எது பிடிக்கும் என்று உன்னையே கேட்டுப் பார்" என்பது இன்று தமிழ்நாட்டின் பல வழிகாட்டி முகாம்களில் சொல்லப்படும் அறிவுரை. நல்லெண்ணத்தில் பிறந்த அறிவுரைதான். ஆனால் கடந்த நூறாண்டுகளுக்கும் மேலாக உளவியலாளரும் பொருளியலாளரும் இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மனத்தை நேராகக் கேட்டால் அது தரும் பதில் பல நேரங்களில் பிழையானது என்றும், அந்தப் பிழைகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்றும் அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

தன்னாய்வை முறையாகத் தொழில் தேர்வோடு இணைத்தவர் அமெரிக்கரான ஃபிராங்க் பார்சன்ஸ். 1908 ஜனவரியில் பாஸ்டன் நகரில் அவர் ஒரு தொழில் வழிகாட்டி நிலையத்தைத் திறந்தார். குடியேறிகளும் தொழிலாளர் பிள்ளைகளும் நிறைந்த நகர்ப்பகுதி அது. வருகிற ஒவ்வோர் இளைஞரிடமும் நீண்ட வினாப்பட்டியல் ஒன்று கொடுக்கப்பட்டது. பழக்கவழக்கம், உடல்நலம், படித்த புத்தகங்கள், ஓய்வு நேரம் கழியும் விதம் என எல்லாவற்றையும் அவர்கள் எழுத வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் பார்சன்ஸ் இறந்துபோனார். அவருடைய நூல் 1909இல் வெளிவந்தது. தன்னைத் தெளிவாக அறிவது, தொழில்களை அறிவது, இரண்டையும் பொருத்திப் பகுத்தறிவது என அவர் வகுத்த மூன்று படிகளே இன்றுவரை தொழில் வழிகாட்டித் துறையின் அடித்தளம். பார்சன்ஸ் தாமே பொறியியல் படித்து, ரயில்வேயில் பணியாற்றி, அந்த நிறுவனம் நொடித்ததும் உருக்காலையில் கூலி வேலை பார்த்து, பிறகு ஆசிரியராகவும் வழக்கறிஞராகவும் பேராசிரியராகவும் ஆனவர். தொழில்களுக்கு நடுவே அலைந்து திரிந்த ஒருவர், மற்றவர்கள் அப்படி அலையாமல் இருக்க வழி தேடியிருக்கிறார்.

அவருடைய முதல் படியில்தான் சிக்கல். தன்னைத் தெளிவாக அறிவது எப்படி?

விர்ஜீனியா பல்கலைக்கழக உளவியலாளர் திமோதி வில்சனும் ஜொனதன் ஸ்கூலரும் 1991இல் வெளியிட்ட ஆய்வு அதிகம் பேசப்படுவது ஸ்ட்ராபெர்ரி ஜாமுக்காக. ஜாமைச் சுவைத்துத் தரவரிசைப்படுத்தியவர்களின் தேர்வு, வல்லுநர்களின் தேர்வோடு ஓரளவு ஒத்துப்போனது. ஏன் பிடிக்கிறது, ஏன் பிடிக்கவில்லை என்று காரணம் எழுதச் சொல்லப்பட்டவர்களின் தேர்வோ அதிலிருந்து விலகிப்போனது. அதே கட்டுரையின் இரண்டாவது சோதனைதான் நமக்கு முக்கியம். அதில் கல்லூரி மாணவர்கள் அடுத்து எந்தப் பாடங்களை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. காரணங்களை அலசி ஆராய்ந்தவர்கள், முன்னர் அந்தப் பாடங்களைப் படித்தவர்கள் சிறந்தவை என்று மதிப்பிட்ட பாடங்களைக் குறைவாகவே தேர்ந்தெடுத்தார்கள். 1993இல் வில்சன் குழு இன்னொரு சோதனை செய்தது. மாணவர்கள் தமக்குப் பிடித்த சுவரொட்டிப் படம் ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். காரணம் எழுதிவிட்டுத் தேர்ந்தவர்கள், மூன்று வாரங்கள் கழித்து விசாரித்தபோது, காரணம் எழுதாதவர்களைவிடக் குறைந்த நிறைவோடு இருந்தார்கள்.

வில்சன் தரும் விளக்கம் எளிமையானது. ஒன்று ஏன் பிடிக்கிறது என்பது பெரும்பாலும் நமக்கே தெரியாது. காரணம் கேட்டால், சொல்வதற்கு எளிதான காரணங்கள் முதலில் வந்து நிற்கின்றன. பிறகு அந்தக் காரணங்களுக்கு ஏற்றபடி விருப்பத்தையே நாம் மாற்றிக்கொள்கிறோம். 'கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏன்?' என்று கேட்டால் பதினேழு வயது மாணவர் 'ஸ்கோப் இருக்கிறது' என்பார். 'வரலாறு ஏன்?' என்று கேட்டால் பதில் சொல்லத் திணறுவார். சொல்ல வந்த காரணம் வலுவானது என்பதற்காக விருப்பமும் வலுவானதாகிவிடாது. சொல் கிடைக்கவில்லை என்பதற்காக விருப்பமே இல்லை என்றும் முடிவு கட்ட முடியாது.

இதைவிடக் கூர்மையான சான்று நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்விக்கழகத்திலிருந்து வருகிறது. அங்கே தொடக்க ஆண்டுகளில் எல்லா மாணவர்களும் ஒரே அடிப்படைப் பாடங்களைப் படிக்க வேண்டும். எந்தப் பாடம் எந்த நேரத்தில் என்பதை மாணவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. நேரம் குலுக்கல் முறையில் அமைவதைப்போல ஒதுக்கப்படுகிறது. ஆகவே, பொருளியல் வகுப்பு காலை ஏழரைக்கு அமைந்தவருக்கும் முற்பகலில் அமைந்தவருக்கும் இடையே வேறு எந்த வேறுபாடும் இருக்கக் காரணமில்லை. ஆனால் ஒரு பாடத்தை காலை ஏழரை மணிக்குப் படிக்க நேர்ந்தவர்கள் அந்தத் துறையை முதன்மைப் பாடமாகத் தேர்வது ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்திருந்தது. முந்தைய வகுப்பு முடிந்த கையோடு ஓடிவந்து படிக்க நேர்ந்த பாடங்களுக்கும் இதே கதிதான். கரீம் ஹகாக், ரிச்சர்ட் பேட்டர்சன் உள்ளிட்டோர் 2021இல் வெளியிட்ட ஆய்வு இது. தூக்கக் கலக்கத்தையும் களைப்பையும் மாணவர்கள் பாடத்தின் கணக்கில் எழுதிவிட்டார்கள். 'எனக்கு இந்தப் பாடம் ஒத்துவரவில்லை' என்று உண்மையாகவே நம்பினார்கள்.

அதே கல்விக்கழகத்தில் நடந்த மற்றோர் ஆய்வு, வேறொரு கோணத்திலிருந்து இதையே காட்டியது. முதன்மைப் பாடத்தை அறிவிக்க வேண்டிய பருவத்திலேயே ஒரு துறையின் பாடத்தைப் படிக்க நேர்ந்தவர்கள், அதை அடுத்த பருவத்தில் படித்தவர்களைவிட இரு மடங்குக்கும் மேலாக அந்தத் துறையைத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னால் மாற்றிக்கொள்வது எளிதாக இருந்தும், அந்த வேறுபாட்டில் பாதியளவு பட்டம் பெறும்வரை நீடித்தது. கண்முன் இருப்பது பிடித்தமானதாகத் தெரிகிறது. பிடித்தமானதாகத் தெரிந்தது வாழ்க்கைத் துறையாகவே ஆகிவிடுகிறது.

இதைப் படிக்கிற தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவருக்கு விடியற்காலை டியூஷன்கள் நினைவுக்கு வராமல் போகாது. கணக்கு டியூஷன் ஐந்தரை மணிக்கு, இயற்பியல் பள்ளி விட்ட பிறகு, வேதியியல் ஞாயிற்றுக்கிழமை என்று ஓடும் மாணவர், எதை வெறுக்கிறார்? பாடத்தையா, அதைப் படிக்க நேர்ந்த நேரத்தையா, அடிக்கடி மாறிய ஆசிரியரையா, அல்லது ஒரே ஒரு காலாண்டுத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணையா? இவற்றைப் பிரித்துப் பார்ப்பதுதான் தன்னாய்வின் முதல் வேலை. 'இந்தப் பாடம் பிடிக்கவில்லை' என்ற வாக்கியத்தை அப்படியே ஏற்காமல், எந்தச் சூழலில், யாரிடம், எந்தப் பகுதியைப் படித்தபோது அந்த வெறுப்பு வந்தது என்று கேட்க வேண்டும். அதே ஆசிரியரிடம் படித்த வேறொரு பகுதி பிடித்திருந்ததா என்பதும் பயனுள்ள கேள்வி. இப்படிக் கேட்பதற்குப் பெரிய உளவியல் பயிற்சி எதுவும் தேவையில்லை. அருகில் அமர்ந்து பொறுமையாகக் கேட்க ஒருவர் இருந்தால் போதும்.

மனத்தை நேராகக் கேட்பது நம்பத்தகாதது என்றால் வேறு வழி என்ன? ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஸ்ட்ராங் 1927இல் வெளியிட்ட தொழில் ஆர்வப் படிவம் ஒரு புதிய பாதையைத் திறந்தது. 'என்ன ஆக விரும்புகிறாய்?' என்று முட்டிமோதாமல், சின்னச் சின்ன விருப்பு வெறுப்புகளை நூற்றுக்கணக்கில் அது கேட்டது. பிறகு அந்த விடைகளை, ஒவ்வொரு தொழிலிலும் ஏற்கெனவே நிறைவோடு இருப்பவர்களின் விடைகளோடு ஒப்பிட்டது. அடுத்து வந்த ஜான் ஹாலண்ட், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் சேர வந்தவர்களை நேர்காணல் செய்தவர். அவர்கள் இதுவரை பார்த்த வேலைகளைக் கேட்டுக் கேட்டு, மனிதர்களின் தொழில் நாட்டங்கள் சில வகைகளுக்குள் அடங்குகின்றன என்ற எண்ணம் அவருக்கு வந்தது. கையால் செய்பவை, ஆராய்பவை, கலை சார்ந்தவை, மனிதருக்கு உதவுபவை, முன்னின்று நடத்துபவை, ஒழுங்குபடுத்துபவை என ஆறு வகைகளை அவர் 1959இலிருந்து படிப்படியாக வகுத்தார். இன்று இணையத்தில் கிடைக்கும் ஆர்வத் தேர்வுகளில் பெரும்பாலானவை இந்த ஆறின் வழிவந்தவை. ஸ்ட்ராங்குக்கும் ஹாலண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவருமே 'நீ யார்?' என்ற பெரிய கேள்வியைத் தள்ளிவைத்து, 'நீ என்னென்ன செய்திருக்கிறாய், எதையெல்லாம் ரசித்திருக்கிறாய்?' என்ற சிறிய கேள்விகளிலிருந்து தொடங்கினார்கள்.

ஆனால் எந்தப் படிவமும் இல்லாத அனுபவத்தை உண்டாக்கித் தர முடியாது. ஆய்வகத்தில் ஒரு முறைகூடக் கைவைக்காத மாணவரிடம் 'வேதிப்பொருள்களைக் கலந்து சோதனை செய்யப் பிடிக்குமா?' என்று கேட்டால், அவர் கற்பனையிலிருந்துதான் பதில் சொல்வார்.

வயதும் இதில் உண்டு. ஆர்வங்கள் எந்த வயதில் உறுதிப்படுகின்றன என்று 66 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2005இல் வெளிவந்தது. பன்னிரண்டு வயதிலேயே ஆர்வங்களுக்கு ஓரளவு நிலைத்தன்மை இருக்கிறது. ஆனால் அது குறிப்பிடத்தக்க அளவு உயர்வது 18 முதல் 22 வயதுவரையான காலத்தில். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் பெரிதாக மாறுவதில்லை. கல்லூரிக் காலத்தில்தான் ஆர்வம் உறைகிறது. நம் ஏற்பாட்டிலோ, பெரிய முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த சில நாட்களிலேயே பிளஸ் ஒன் குரூப்பை முடிவு செய்ய வேண்டும். மாணவருக்கு அப்போது பதினைந்து வயது. மதிப்பெண் கூடுதலாக இருந்தால் பயோ-மேத்ஸ், சற்றுக் குறைந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்னும் குறைந்தால் காமர்ஸ், அதற்கும் கீழே தொழிற்பிரிவு என்ற படிநிலை பல பள்ளிகளில் எழுதப்படாத விதி. கணக்கு எடுக்காதவருக்குப் பொறியியலின் கதவும், உயிரியல் எடுக்காதவருக்கு மருத்துவத்தின் கதவும் பெரும்பாலும் அப்போதே அடைபட்டுவிடுகின்றன. இலங்கையிலும் சாதாரண தரப் பரீட்சைக்குப் பின் உயர்தரத்தில் கணிதப் பிரிவா, உயிரியலா, வர்த்தகமா, கலையா என்று ஏறத்தாழ அதே வயதில் பிரிந்துவிட வேண்டும். பல்கலைக்கழகத்தில் எந்தப் பீடம் என்பதைப் பிறகு இசட் புள்ளி தீர்மானிக்கும். தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடிந்ததும், கணக்கில் 100, இயற்பியலிலும் வேதியியலிலும் தலா 50 என்று 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப், கலந்தாய்வு வரிசையை முடிவு செய்கிறது. விருப்பப் பட்டியலை இணையத்தில் நிரப்பச் சில நாட்களே கிடைக்கும். கல்லூரியின் பெயரைப் பற்றி நடக்கும் அளவுக்குப் பிரிவின் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேச்சு நடப்பதில்லை.

அவகாசம் கொடுத்தால் பயன் உண்டா? பொருளியலாளர் ஓஃபர் மலமுட் இதற்கு இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் ஒப்பிட்டார். இங்கிலாந்தில் மாணவர்கள் விண்ணப்பிக்கும்போதே துறையைச் சொல்லிவிட வேண்டும். ஸ்காட்லாந்தில் நான்காண்டுப் படிப்பு. முதல் இரண்டு ஆண்டுகள் பல பாடங்களைப் படித்துவிட்டுத் துறையைத் தேரலாம். 1980இல் பட்டம் பெற்றவர்களின் பிற்கால வேலைகளைப் பார்த்தபோது, தாம் படித்த துறைக்குத் தொடர்பில்லாத வேலைக்கு மாறியவர்கள் இங்கிலாந்தில் கூடுதலாக இருந்தார்கள். சீக்கிரம் தேர்ந்தவர்கள் துறை அறிவைக் கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள், அதை விட்டுப் போக மனம் வராது என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அப்படியிருந்தும் விட்டுவிட்டுப் போனார்கள். தமக்கு எது பொருந்தும் என்று தெரிந்துகொள்ளக் கிடைத்த அந்த இரண்டு ஆண்டுகளுக்கு அவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது.

அமெரிக்காவில் இந்த அறிதல் நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 2011-12இல் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மூன்றாண்டுகளுக்குள் முதன்மைப் பாடத்தை மாற்றிக்கொண்டார்கள் என்று அந்நாட்டு அரசின் கல்விப் புள்ளிவிவர மையம் கணக்கிட்டது. கணிதத்தைத் தேர்ந்து தொடங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மாறிவிட்டார்கள். கென்டக்கி மாநிலத்தில் வசதியற்ற குடும்பங்களின் பிள்ளைகள் கட்டணமின்றிப் படிக்கும் பெரியா கல்லூரியில், டாட் ஸ்டைன்பிரிக்னரும் ரால்ஃப் ஸ்டைன்பிரிக்னரும் மாணவர்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்து அவர்களின் எதிர்பார்ப்புகளைப் பதிவு செய்தார்கள். தொடக்கத்தில் அறிவியலில் பட்டம் பெறுவோம் என்ற நம்பிக்கை பலருக்கு இருந்தது, முடித்தவர்கள் சிலரே. அறிவியல் பாடங்களில் எவ்வளவு மதிப்பெண் வரும் என்று அவர்கள் நினைத்ததற்கும் வந்ததற்கும் இருந்த இடைவெளிதான் முக்கியக் காரணம். தன்னைப் பற்றிய கணிப்பைத் திருத்தியது தேர்வுத்தாள். வீட்டில் உட்கார்ந்து யோசித்திருந்தால் அந்தத் திருத்தம் நடந்திருக்காது.

ஆனால் ஒன்று கடினமாக இருக்கிறது என்பதாலேயே அது தனக்கானது இல்லை என்று முடிவு செய்வதும் ஆபத்தானது. பால் ஓகீஃப், கேரல் டுவெக், கிரெகரி வால்டன் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியது. ஆர்வம் என்பது உள்ளே ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால் போதும் என்று நம்புவோர் ஒரு வகை. ஆர்வம் வளர்த்தெடுக்கப்படுவது என்று நம்புவோர் இன்னொரு வகை. கருந்துளைகளைப் பற்றிய சுவையான காணொளி ஒன்றைப் பார்த்ததும் இரு வகையினரும் உற்சாகமானார்கள். அதே பொருளில் கடினமான அறிவியல் கட்டுரையைப் படிக்கக் கொடுத்ததும், முதல் வகையினரின் ஆர்வம் மற்றவர்களைவிட வேகமாகச் சரிந்தது. கடினம் என்பதை அவர்கள் 'இது என் துறை இல்லை' என்பதற்கான அறிகுறியாக எடுத்துக்கொண்டார்கள்.

கருந்துளை என்றதும் நினைவுக்கு வர வேண்டிய தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் அவருக்குக் கணிதத்தில் ஹானர்ஸ் எடுக்க ஆசை. தந்தைக்கு மகன் ஐ.சி.எஸ். அதிகாரியாக வேண்டும் என்ற விருப்பம். இயற்பியல் ஹானர்ஸ் என்பது இருவருக்கும் இடையே ஏற்பட்ட சமரசம். இப்சனின் நாடகத்தைத் தமிழில் தந்த தாய் சீதாலட்சுமி மகனின் பக்கம் நின்றார். சமரசத்தில் தொடங்கிய அந்தப் படிப்பைத் தம்முடையதாக ஆக்கியது சந்திரசேகர் தாமாகவே படித்த ஒரு நூல்: ஆர்னால்ட் சோமர்ஃபெல்டின் அணுவமைப்பு நூல். 1928இல் சோமர்ஃபெல்டே சென்னைக்கு வந்தபோது, அந்த மாணவர் நேராக அவர் தங்கியிருந்த விடுதிக்குப் போய்ச் சந்தித்தார். நீ படித்ததெல்லாம் பழையதாகிவிட்டது என்று சொல்லி, புதிய குவாண்டம் இயற்பியல் குறித்துத் தாம் எழுதிய, அச்சுக்குப் போகவிருந்த கட்டுரையின் படியைச் சோமர்ஃபெல்ட் கொடுத்தனுப்பினார். எவருக்கும் சோர்வூட்டக்கூடிய சந்திப்பு. சந்திரசேகரோ சில மாதங்களில் அந்தப் புதிய புள்ளியியலைக் கற்று, தம் கட்டுரையை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழுக்கு அனுப்பினார். 1929இல் அது வெளிவந்தது. இப்படிப்பட்ட ஒருவரை 'உன் ஆர்வம் என்ன?' என்று 1925இல் கேட்டிருந்தால், கணிதம் என்றுதான் சொல்லியிருப்பார். பின்னாளில் விண்மீன் அமைப்பு, கதிர்வீச்சுப் பரிமாற்றம், பாய்ம இயக்கவியல், கருந்துளைகளின் கணிதம் என்று சில ஆண்டுகளுக்கு ஒரு முறை துறைக்குள்ளேயே இடம் மாறிக்கொண்டிருந்தார். 1983இல் நோபல் பரிசு வந்தது.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் கதை வேறு வகை. பரோடாவில் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தும், தேசிய அறிவியல் திறனறித் தேர்வில் உதவித்தொகை கிடைத்தால் அடிப்படை அறிவியல் படிக்கலாம் என்று தந்தையோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி இயற்பியலுக்குப் போனார். 1976இல் அமெரிக்காவில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பிறகு, தம் ஆய்வில் தமக்கே ஈடுபாடு இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டுகளில் அவர் விரும்பிப் படித்தது உயிரியல் குறித்த இதழ்க் கட்டுரைகளை. அதையே சான்றாகக் கொண்டு, முனைவர் பட்டத்தோடு சான் டியாகோவில் மீண்டும் உயிரியல் மாணவராகச் சேர்ந்தார். ரைபோசோம் ஆய்வுக்காக 2009இல் வேதியியலில் நோபல் பரிசு பெற்றார்.

இந்த மூன்று பேரும் மேதைகள், சாதாரண மாணவருக்கு இது பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. அவர்களின் திறமையை எவரும் கடன் வாங்க முடியாது. ஆனால் அவர்கள் தங்களைப் படித்த விதத்தை யாரும் பின்பற்றலாம். வகுப்பு முடிந்த பிறகு எங்கே போய் உட்கார்ந்தோம், எந்தப் புத்தகத்தைச் சொல்லாமலே எடுத்தோம், கடினமாக இருந்தும் எதை விடவில்லை, ஓய்வில் எதைத் தேடிப் படித்தோம் என்பவை எல்லா மாணவரின் வாழ்விலும் உண்டு. பரீட்சைக்கு வராத பகுதி என்று ஆசிரியர் சொன்ன பிறகும் படித்த அத்தியாயம் எது? பள்ளி ஆண்டுவிழாவில் மேடையேறப் பிடித்ததா, மேடைக்குப் பின்னால் ஒலிபெருக்கியையும் விளக்கையும் சரிசெய்யப் பிடித்ததா, வரவு செலவு எழுதப் பிடித்ததா? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு சொல்லித்தரும்போது நேரம் போனது தெரியவில்லையா? வயலில் அப்பாவோடு நின்றபோது பயிரில் விழுந்த நோயைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ளத் தோன்றியதா? இவற்றுக்குத் தேதியோடு பதில் சொல்ல முடிந்தால் அது சான்று. முடியாவிட்டால், தேர்வை முடிந்தவரை தள்ளிப்போட்டு, முதலில் சிலவற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

தன்னைப் பற்றித் தான் மட்டுமே அறிய முடியாதவையும் உண்டு. சிமின் வசீர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருடைய பதற்றம், மனக்கவலை போன்ற உள்நிலைகளை அவரே துல்லியமாகச் சொன்னார். அறிவுத்திறன், படைப்பாற்றல் போன்றவற்றை அவரைவிட அவருடைய நண்பர்கள் சரியாகக் கணித்தார்கள். 'நான் இதற்கெல்லாம் லாயக்கில்லை' என்று ஒரு மாணவி சொல்லும்போது, அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளையும் அவளுடைய விடைத்தாள்களைத் திருத்திய ஆசிரியரையும் கேட்பது நல்லது. நம் குடும்பங்களில் பிள்ளையின் படிப்பை அப்பா, அம்மா, தாய்மாமா, அண்ணன் என்று எல்லோரும் கூடிப் பேசியே முடிவு செய்கிறார்கள். அதைப் பழைமை என்று ஒதுக்கத் தேவையில்லை. அந்தப் பேச்சில் ஒன்றை மட்டும் பிரித்தறிய வேண்டும்: 'இவன் சின்ன வயதிலிருந்தே ரேடியோவைக் கழற்றி மாட்டுவான்' என்று அத்தை சொல்வது சான்று. 'நம் குடும்பத்தில் ஒரு டாக்டராவது வேண்டும்' என்று சித்தப்பா சொல்வது அவருடைய விருப்பம். இரண்டுக்கும் மரியாதை கொடுக்கலாம், ஒரே எடை கொடுக்கக் கூடாது.

பணத்தையும் பேசியே ஆக வேண்டும். கல்விக் கடன் வாங்கிச் சேரும் முதல் தலைமுறை மாணவருக்குச் சம்பளம் என்பது அற்பக் கேள்வி இல்லை. தங்கையின் படிப்பு அதில் தொங்கிக்கொண்டிருக்கலாம். மேத்யூ விஸ்வாலும் பசித் ஜாஃபரும் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், எந்தத் துறையில் எவ்வளவு சம்பளம் என்பது குறித்து மாணவர்களின் கணிப்பு பெரிதும் தவறாக இருந்தது தெரியவந்தது. சரியான தகவலைக் கொடுத்ததும் பலர் தம் எண்ணத்தைத் திருத்தினார்கள். அதே நேரத்தில், தேர்வை மிகுதியாகத் தீர்மானித்தது ஒவ்வொருவருக்கும் இருந்த தனி நாட்டம்தான். நாட்டத்துக்கும் சம்பளத்துக்கும் இடையே போர் நடப்பதாக நினைத்து ஒன்றைப் பலி கொடுப்பதற்கு முன், சம்பளம் பற்றித் தெரிந்தது உண்மையா என்று பார்க்க வேண்டும். அந்தத் துறையில் ஐந்து ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்தவர்கள் நான்கைந்து பேரிடம் கேட்டால், எந்த விளம்பரப் பலகையும் சொல்லாத விவரம் கிடைக்கும். அதே கையோடு மூன்றாம் செமஸ்டர் பாடத்திட்டத்தையும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். முதலாண்டுப் பாடங்கள் பல பிரிவுகளுக்கும் பொதுவாக இருக்கும். துறையின் உண்மையான முகம் அதற்குப் பிறகே தெரியும்.

உயர்கல்வியில் சேரும் விகிதத்தில் தமிழ்நாடு நாட்டின் முன்னணியில் இருக்கிறது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி இந்தியா முழுவதுக்கும் 28.4 சதவீதமாக இருந்த மொத்தச் சேர்க்கை விகிதம் இங்கே 47 சதவீதம். கல்லூரி வாசலுக்கு வருவது ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சாத்தியமாகிவிட்ட மாநிலத்தில், எந்த வாசல் என்ற கேள்வி முன்னுக்கு வந்திருக்கிறது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டமும் அதையொட்டி நடக்கும் 'கல்லூரிக் கனவு' வழிகாட்டி நிகழ்ச்சிகளும் இந்தத் தேவையை அரசு உணர்ந்ததன் விளைவு. தகவல் கொடுப்பதில் இவை நல்ல தொடக்கம். ஆனால் தகவல் வந்து சேருவது பிளஸ் டூவிலும் அதை ஒட்டியும் என்றால், குரூப் என்ற முதல் கதவு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சாத்தப்பட்டிருக்கும்.

அனுபவம் கொடுக்கும் வேலையை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குவதற்குத் தடை எதுவும் இல்லை. அரசு உயர்நிலைப் பள்ளிக்கு அருகிலேயே வேளாண் விரிவாக்க மையமோ, ஐ.டி.ஐ.யோ, கூட்டுறவு வங்கியோ, ஆரம்ப சுகாதார நிலையமோ, கலை அறிவியல் கல்லூரியின் ஆய்வகமோ இருக்கும். ஒரு பருவத்துக்கு இரண்டு இடங்கள் என்று வைத்தாலும், பத்தாம் வகுப்பு முடிவதற்குள் ஒரு மாணவர் பத்துக்கும் மேற்பட்ட வேலைகளை அருகிருந்து பார்த்திருப்பார். பார்த்துவிட்டு வந்த அன்றே அரைப் பக்கம் எழுதச் சொல்லலாம்: எது போரடித்தது, எதைப் பற்றி வழியில் நண்பனிடம் பேசிக்கொண்டு வந்தோம், மறுபடியும் போகச் சொன்னால் எங்கே போவோம், அன்று தூக்கமும் சாப்பாடும் சரியாக இருந்தனவா. கடைசிக் கேள்வி வெஸ்ட் பாயிண்ட் மாணவர்களிடம் யாரும் கேட்காமல் விட்ட கேள்வி. குரூப்பைத் தேரும் நாளில் தலைமையாசிரியரின் மேசையில் மதிப்பெண் பட்டியலோடு இந்தக் குறிப்பேடும் இருந்தால், அந்தப் பத்து நிமிட உரையாடல் மதிப்பெண்ணைத் தாண்டி நடக்க முடியும்.